ஊசிக் கணக்கு லயத்தில் தொடங்குகிறது

(பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்தை நாங்கள் நீட்டப் போவதில்லை. வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளைப் படிக்க உட்கார வைக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

போன மாதம் நாங்கள் லயம் லயமாகப் போய், பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, யார் யார் கர்ப்பிணி, யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று எழுதினோம். மேற்கணக்கில் ஒரு பாட்டி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஊசி சும்மாதானய்யா போடுறாங்க? அதுக்கு எதுக்கு ஓயாம பேர் எழுதுறீங்க?" அந்த இடத்தில் எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டோம். அந்தப் பாட்டி இன்றைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தோம். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி போடும் கிளினிக் நாள். நாங்கள் கொடுத்த பட்டியலில் 9 பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மருந்து பத்துப் பேருக்கான குப்பியாக வந்தது. 9 பேருக்கு ஒரு குப்பி தாராளம் என்று மிட்வைப் ஒரே ஒரு குப்பி கொண்டு வந்தார். அந்த மாதம் அவர்களிடமும் கையிருப்பு குறைவு. கிளினிக் நேரத்தில் பார்த்தால், பட்டியலில் இருந்த 9 பேரில் 7 பேர்தான் வந்தார்கள். மற்ற இரண்டு குடும்பமும் கொழும்புக்குப் போய் நான்கு மாதமாகி இருந்தது. நாங்கள் பெயரை வெட்டவில்லை. பட்டியலில் இல்லாத 4 பிள்ளைகள் வந்து நின்றார்கள். அதில் இரண்டு, வெளித்தோட்டத்திலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளைகள். மற்ற இரண்டும் நம்ம தோட்டப் பிள்ளைகளேதான். பிறந்தது டவுன் ஆஸ்பத்திரியில், எங்கள் புத்தகத்தில் பதியவே இல்லை. ஆக மொத்தம் 11 பேர். குப்பியிலோ பத்துப் பேருக்குத்தான் மருந்து.

பதினோராவது பிள்ளையின் தாய் கீழ்க்கணக்கிலிருந்து மலை ஏறி வந்தவர். அன்றைக்கு அவருக்குப் பேரும் இல்லை. நாங்கள்தான் அவரைத் திருப்பி அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து டவுன் கிளினிக்கில் அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டார்கள், அதற்கு அந்தத் தாய்க்கு இன்னொரு பேரும் பஸ் காசும் போனது. நல்ல வேளை, இடையில் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தோம்.

"இன்னொரு குப்பி கொண்டு வந்திருந்தா முடிஞ்சிருக்குமே" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்த மருந்து தூளாக இருப்பது. தண்ணீர் மருந்து விட்டுக் கரைத்துவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். பதினோராவது பிள்ளைக்காக இரண்டாவது குப்பியை உடைத்தால் 9 பிள்ளைகளுக்கான மருந்து வீணாகும். உடைக்கத்தான் வேண்டும், பிள்ளைதான் முக்கியம், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 9 ஊசிக்கும் யாரோ காசு கட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதற்குப் பிறகு வருகிறோம்.

கல்யாண வீட்டுக்கு அரிசி போடுவது எப்படி என்று நம்ம பெரியவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம், அதில் எத்தனை பேர் வருவார்கள், அடிப்பிடித்துப் போவது எவ்வளவு, சொல்லாமல் வருகிறவர்களுக்கு எவ்வளவு கூடப் போட வேண்டும், வீட்டு மூட்டையில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது. ஊசி மருந்துக்கும் இதே கணக்குத்தான். ஒரு தோட்டத்தில் வருடத்துக்கு 40 பிள்ளை பிறக்கிறது என்று வையுங்கள். 9 மாதத்தில் போடும் ஊசி பிள்ளைக்கு ஒன்று, ஆக 40. பத்துப் பேர் குப்பியில், கரைத்த பிறகு பாதி வீணாகும் என்று எடுத்துக்கொண்டால் 80 தேவை. அவசரத்துக்கு அதில் கால்வாசி கையிருப்பு, 20. ஆக 100. பெட்டியில் பழைய மிச்சம் 15 இருந்தால் 85க்கு ஓடர் எழுத வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் நாடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையும் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். கரைக்கத் தேவையில்லாத மருந்து என்றால் வீணாவது குறையும், கணக்கும் குறையும்.

இப்போது முதல் எண்ணைப் பாருங்கள். 40 என்று எழுதிய இடத்தில் 50 என்று இருந்தால் எல்லாம் கூடும். 30 என்று இருந்தால் எல்லாம் குறையும். மற்ற எண்களெல்லாம் கொழும்பிலே படித்தவர்கள் போடுவது. அந்த 40 மட்டும் நம்ம லயத்திலிருந்து போவது. எங்கள் புத்தகமும் மிட்வைப்புடைய புத்தகமும் சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவுக்கு. நாடு முழுவதும் இருந்து வரும் எண்களைக் கூட்டித்தான் அடுத்த வருடத்துக்கு எவ்வளவு மருந்து என்று தீர்மானிக்கிறார்கள். அவசரப்பட்டு வாங்கும் சாமானும் இல்லை இது. கடையில் போய் மூட்டையில் அளந்து வாங்க முடியாது. ஒரு தொகுதி மருந்தைச் செய்து, சோதித்து, அனுப்பி வைக்க ஒரு வருடமும் செல்லும், சிலதுக்கு அதற்கு மேலும் செல்லும். இன்றைக்கு நம்ம பிள்ளைக்குப் போடும் ஊசி, அந்தப் பிள்ளை வயிற்றில் உண்டாவதற்கு முன்னாலேயே யாரோ ஒருவர் கணக்குப் போட்டதாக இருக்கும்.

இனிக் காசுக்கு வருவோம்.

நம் நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி என்ற விரிவான திட்டம் 1978இல் தொடங்கியது. சின்னமுத்து ஊசி 1984இல் சேர்ந்தது. இளம்பிள்ளைவாதம் கடைசியாக 1993இல் கண்டது, அதற்குப் பிறகு இல்லை. வயதானவர்களுக்கு நினைவிருக்கும், காலை இழுத்து இழுத்து நடந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள். இப்போது பிள்ளைக் காம்பராவில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கிறோமா?

2000ஆம் ஆண்டில் காவி என்று ஒரு கூட்டமைப்பு உண்டானது. வசதி படைத்த நாடுகளும் நன்கொடையாளர்களும் பணம் போட்டு, வருமானம் குறைந்த நாடுகளுக்குப் புதிய தடுப்பூசி வாங்கக் கொடுக்கும் ஏற்பாடு. செங்கண்மாரி வகை ஒன்றுக்கான ஊசி நமக்கு 2003இல் வந்தது இந்த உதவியோடுதான். ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. நாடும் ஒரு பங்கு கட்ட வேண்டும். நாட்டின் வருமானம் கூடக் கூட அந்தப் பங்கும் கூடும், ஒரு எல்லையைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். இலங்கைக்கு 2015 முடிவோடு அப்படி நின்றது. அதன் பிறகு பிள்ளைகளுக்கான ஊசிச் செலவு முக்கியமாக நம் திறைசேரியிலிருந்தே போகிறது.

திறைசேரிக்கு எங்கிருந்து வருகிறது? பாட்டி, நீங்கள் கடையில் வாங்கும் சவர்க்காரத்திலிருந்து வருகிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். மாவு, சீனி, மண்ணெண்ணெய், பிள்ளையின் கொப்பி என்று நாம் காசு கொடுக்கும் பல இடங்களில் ஏதோ ஒரு வரி ஒட்டிக்கொண்டு போகிறது. தோட்டத்து ஆளுகள் வரி கட்டுவதில்லை என்று டவுனில் சிலர் பேசுவதை நாங்களே கேட்டிருக்கிறோம். அது சரியில்லை. அதனால் "சும்மா போடுற ஊசி" என்று இனிச் சொல்லாதீர்கள். கிளினிக்கில் காசு கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆனால் அதற்கு நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம்.

அதிலும் ஒரு சிக்கல். நாம் கட்டுவது ரூபாய், வெளிநாட்டு மருந்துக் கம்பெனி கேட்பது டொலர். 2022இல் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் நின்ற வரிசையை யார் மறப்பார்கள்? ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். தடுப்பூசி மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையிலான குளிரில் இருக்க வேண்டியது. சூடு பட்டாலும் கெடும், சில மருந்து உறைந்தாலும் கெடும். கரண்ட் இல்லாத ஒவ்வொரு மணித்தியாலமும் குளிர்ப்பெட்டி வைத்திருக்கிறவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருந்தார்கள். காசு இருந்து, மருந்தும் வந்து, கடைசியில் பெட்டிக்குள் கெட்டுப் போனால் எவ்வளவு வயிற்றெரிச்சல்!

நம்மைவிடச் சின்ன நாடுகளின் பாடு இன்னும் கஷ்டம். பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு தீவு நாடு இருக்கிறது. முழு நாட்டின் ஜனத்தொகையே சுமார் 11 ஆயிரம்தான். நம்ம பக்கத்தில் சில தோட்டங்களைச் சேர்த்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். அந்த நாடு தனியாகப் போய் ஒரு கம்பெனியிடம் கொஞ்சம் மருந்து தா என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அதனால் யுனிசெப் டென்மார்க்கில் உள்ள தன் கொள்வனவுப் பிரிவு மூலம் பல நாடுகளின் தேவையைச் சேர்த்து மொத்தமாக வாங்குகிறது. 1991இல் இன்னொரு ஏற்பாட்டையும் தொடங்கினார்கள். நம்ம மரண உதவிச் சங்கம் மாதிரி என்று வையுங்கள். சாவு விழுந்த வீட்டில் அன்றைக்கே காசு தேடிக்கொண்டிருக்க முடியாது, சங்கம் முதலில் கொடுத்துவிடும், பிறகு கணக்குத் தீர்ப்போம். அங்கேயும் சுழற்சி நிதியிலிருந்து முதலில் மருந்து அனுப்பிவிடுவார்கள், நாடு பிறகு கட்டும். பசிபிக் தீவுகள் பலவும் இதில் சேர்ந்திருக்கின்றன. தென் அமெரிக்கப் பக்கத்து நாடுகள் இதே போல 1979 முதல் ஒன்றாகச் சேர்ந்து வாங்குகின்றன. சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்பதைக் கூட்டுறவுக் கடை கண்ட நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஏற்பாடுகள் எதிலும் ஒரு நாடு முதலில் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். எவ்வளவு வேண்டும்? எப்போது வேண்டும்? அந்த எண் பிழைத்தால் மலிவான விலையாலும் பலன் இல்லை.

எண் பிழைப்பது எப்போதும் யாருடைய குற்றமும் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியை நம் நாட்டில் கொண்டு வந்தார்கள். சில பிள்ளைகள் ஊசிக்குப் பிறகு இறந்ததாகத் தெரிய வந்ததும் ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 2010இல் திரும்பவும் தொடங்கினார்கள், இன்று வரை போட்டு வருகிறார்கள். இடையில் பழைய முக்கூட்டு ஊசியையும் செங்கண்மாரி ஊசியையும் தனித்தனியாகப் போட வேண்டி வந்தது. ஒரே நாளில் திட்டம் மாறினால் அத்தனை பழைய மருந்துக்கும் எங்கே போவது? சந்தேகம் வந்தவுடன் நிறுத்தி ஆராய்ந்தது சரியான வேலை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அப்படி நிறுத்தும் தைரியம் வர, கையிருப்பும் மாற்று வழியும் இருக்க வேண்டும்.

2021ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவுக்கான முதல் 5 இலட்சம் ஊசி ஜனவரி 28ஆம் தேதி இந்தியாவிலிருந்து நன்கொடையாக வந்தது. பிறகு இந்தியாவிலேயே நோய் கடுமையாகப் பரவ, அங்கிருந்து ஊசி ஏற்றுமதி நின்றது. இங்கே முதல் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசி எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்தார்கள். ஜூலை கடைசியில் ஜப்பான் கொடுத்த மருந்து வந்து சேர்ந்த பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. காசு இருந்தாலும் கிடைக்காத காலம் என்று ஒன்று உண்டு என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டோம்.

சின்னமுத்து கதையும் அப்படியே. 2019 ஜூலையில் இலங்கையில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. எல்லோரும் பெருமைப்பட்டோம். 2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் சில மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போட்டார்கள். வழக்கமான கணக்கில் இல்லாத ஊசி அது. கல்யாண வீட்டில் திடீரென்று ஒரு பஸ் நிறைய ஆள் வந்து இறங்கியது மாதிரி.

இதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் சொல்லக்கூடியதையாவது சரியாகச் சொல்லலாம் அல்லவா? நாட்டில் 2013இல் சுமார் 3 இலட்சத்து 65 ஆயிரம் பிள்ளை பிறந்தது. 2023இல் அது சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஐந்து நோய் ஊசி பிள்ளைக்கு மூன்று. பழைய எண்ணை வைத்துக்கொண்டே ஓடர் போட்டால், அந்த ஒரு ஊசியில் மட்டும் சுமார் 3 இலட்சத்து 50 ஆயிரம் கூடுதலாக வந்து குவியும். மருந்துக்கும் காலாவதித் தேதி உண்டு. அந்தக் காசில் வேறு எத்தனை மருந்து வாங்கலாம்!

நாடு முழுவதும் பிறப்பு குறைவதை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பதிவாளர் திணைக்களத்தில் எண் இருக்கிறது. ஆனால் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறப்பு ஒரு மாவட்டத்தில் பதியப்படும், பிள்ளை வளர்வது இன்னொரு மாவட்டத்தில். நம்ம தோட்டத்தில் இது ரொம்ப அதிகம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறார்கள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை, ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. தாய் வெளிநாட்டுக்குப் போனால் பிள்ளை அம்மாயிடம். கார்மென்ட்ஸுக்குப் போன பிள்ளை கைக்குழந்தையோடு திரும்பி வருகிறது, யாரிடமும் சொல்வதில்லை. அதற்கும் காரணம் இருக்கும். எங்களுக்குக் காரணம் தேவையில்லை. யார் என்ன கல்யாணம், எந்த ஊர் என்றெல்லாம் நாங்கள் கேட்க மாட்டோம். பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும், இதுவரை போட்ட ஊசியும்தான் வேண்டும். அதைத் தோட்ட ஆபீஸுக்கோ தலைவருக்கோ காட்டுவதும் இல்லை. காம்பரா இல்லாமல் போகும், பேர் வெட்டுவார்கள் என்று பயந்து சிலர் மறைக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறோம். வயிற்றில் பிள்ளை உண்டானால் மூன்று மாதத்துக்குள் மிட்வைப்பிடம் பதியுங்கள். வெளியூர் போவதாக இருந்தால் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், "போறோம், இன்ன இடத்துக்கு" என்று. நாங்கள் இங்கே பெயரை மாற்றுவோம், நீங்கள் போகும் இடத்து மிட்வைப்பிடம் அங்கே பதியுங்கள். பிள்ளையின் சுகாதார அட்டையை அரிசிப் பானைக்கு மேல் வைக்காதீர்கள், எலி தின்றுவிட்டது என்று இந்த வருடம் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். பொலித்தீன் பையில் சுற்றி, பிறப்புச் சான்றிதழோடு பெட்டியில் வையுங்கள். விருந்துக்கு வந்திருக்கும் பிள்ளையாக இருந்தாலும், கிளினிக் நாளில் இங்கே இருக்கும் என்றால் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். சொன்னால் இரண்டாவது குப்பி வரும். கிளினிக் நாளில் மழையோ, கொழுந்து அதிகமோ, வர முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமாவது சொல்லி அனுப்புங்கள். உங்களுக்காகக் கரைத்த மருந்து மாலையில் கொட்டப்படும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் நாளில் தாய்மாருக்கு அரைப் பேராவது கிடைக்க வேண்டும் என்று நாங்கள் துரையிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. தலைவர்மாரும் கேட்டால் நல்லது.

இந்தச் சனிக்கிழமை சம்பள நாள். காலை ஏழு மணியிலிருந்து பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், பழைய கொழுந்து மடுவத்தில் புத்தகத்தோடு நாங்கள் இருப்போம். கீழ்க்கணக்குக்கு ஞாயிறு பின்னேரம் நாங்களே இறங்கி வருகிறோம். பாட்டி, உங்கள் பேத்தி கொழும்பிலிருந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். பிள்ளையின் அட்டையைக் கொடுத்து அனுப்புங்கள்.